'நோ ப்ளோக்கர்ஸ்' எண்டு தினமும் சொல்லுற டீமும் ஸ்க்ரமும்

ஸ்க்ரம் எண்டா சொஃப்ட்வெயர் டீம்கள் வேலையைச் சின்னச் சின்னச் சுற்றா வெட்டி, பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொண்டு செய்யுற ஒரு முறை. அதிண்ட வழிகாட்டி, ஸ்க்ரம் கைட், மொத்தமே 13 பக்கம்தான். 2020 நவம்பர்ல வந்த பதிப்பு, நெட்ல சும்மா கிடைக்குது, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள்ள வாசிச்சு முடிக்கலாம். ஆனா கொழும்புல ஸ்க்ரம் செய்யுறம் எண்டு சொல்லுற ஆக்கள்ல அதை ஒருக்காவாவது முழுசா வாசிச்சவை சரியான குறைவு எண்டதுதான் நான் பார்த்தது. ஜிரா எண்ட வேலைப்பட்டியல் சொஃப்ட்வெயர் எல்லாருக்கும் தெரியும், வேலையிண்ட அளவுக்குப் போடுற ஸ்டோரி பொயிண்ட் தெரியும், ஒரு சுற்றில எத்தினை பொயிண்ட் முடிஞ்சுது எண்ட வெலோசிட்டி தெரியும், காலமை எழும்பி நிண்டு நேத்து என்ன செய்தன் இண்டைக்கு என்ன செய்வன், 'நோ ப்ளோக்கர்ஸ்', தடை ஒண்டும் இல்ல, எண்டு சொல்லத் தெரியும். இதில பாதிக்கு மேல அந்த 13 பக்கத்துக்குள்ள இல்லவே இல்ல. ஸ்டோரி பொயிண்ட் எண்ட சொல்லே அதில வராது. யூசர் ஸ்டோரி (பாவிக்கிறவருக்கு என்ன வேணும் எண்டு எழுதுற ஒரு வேலைத்துண்டு), வெலோசிட்டி, பிளானிங் போக்கர் (சீட்டுக் காட்டி வேலையிண்ட அளவைக் கணிக்கிறது) எதுவும் வராது. அதெல்லாம் வேற இடங்கள்ல இருந்து வந்து ஒட்டிக்கொண்ட பழக்கங்கள், சிலது நல்ல பழக்கம்தான், ஆனா அது ஸ்க்ரம் இல்ல.

அப்ப அதுக்குள்ள என்னதான் இருக்கு? ப்ரொடக்ட் ஓனர் (என்ன செய்யவேணும் எண்டு முடிவெடுக்கிறவர்), ஸ்க்ரம் மாஸ்டர் (இந்த முறை ஒழுங்கா நடக்கப் பார்க்கிறவர்), டெவலப்பர்ஸ் (செய்து முடிக்கிறவை) எண்டு மூண்டு பொறுப்பு. ஸ்பிரிண்ட் எண்ட ஒரு சுற்று வேலைக்காலமும் அதுக்குள்ள நடக்கிற நாலு சந்திப்பும்: தொடக்கத்தில பிளானிங், தினமும் டெய்லி ஸ்க்ரம், கடைசியில முடிஞ்சதைக் காட்டுற ரிவியூ, எப்பிடி வேலை செய்தம் எண்டு திரும்பிப் பார்க்கிற ரெட்ரோ. ப்ரொடக்ட் பேக்லொக் (செய்யவேண்டிய எல்லாத்திண்டயும் பட்டியல்), ஸ்பிரிண்ட் பேக்லொக் (இந்தச் சுற்றுக்கு எடுத்த பட்டியல்), முடிஞ்ச வேலை எண்டு மூண்டு பொருள். இது எல்லாத்துக்கும் அடியில மூண்டே மூண்டு விஷயத்தைத்தான் தூண் எண்டு சொல்லுது: இருக்கிறதை இருக்கிறபடி எல்லாருக்கும் தெரியவைக்கிறது, அதை அடிக்கடி பார்க்கிறது, பார்த்ததுக்கு ஏத்தமாதிரி மாறுறது. முதலாவது இல்லாட்டி மற்ற ரெண்டுக்கும் பிரயோசனம் இல்ல எண்டு கைட்டே சொல்லுது.

நான் கியூஏ, செய்த சொஃப்ட்வெயரில பிழை இருக்கா எண்டு டெஸ்ட் செய்யுற ஆள். டெஸ்டிங்ல தொடங்கி இப்ப டீமுக்கு ஸ்க்ரம் மாஸ்டர் வேலையும் சேர்த்துப் பார்க்கிறன். என்ர அனுபவத்தில இந்த முதலாவது தூணைத்தான் எங்கட ஆக்களுக்குக் கட்டுறது கஷ்டம். ஸ்க்ரம்ல இருக்கிற ஒவ்வொரு சந்திப்பும் ஒரே ஒரு வேலைக்குத்தான் எண்டு நான் நம்புறன், கெட்ட செய்தி வேளைக்கே வெளியில வரவேணும். அது வராத டீம் என்ன கலர் ஸ்டிக்கி நோட் ஒட்டினாலும், எத்தினை செர்டிஃபிகேட் வச்சிருந்தாலும் அங்க ஸ்க்ரம் நடக்கேல்ல.

இது ஏன் உருவாச்சு எண்டதைக் கொஞ்சம் பார்த்தா நான் சொல்லுறது விளங்கும். 1970ல வின்ஸ்டன் ரொய்ஸ் எண்டவர் பெரிய சொஃப்ட்வெயர் வேலைகளை எப்பிடிக் கொண்டுபோறது எண்டு ஒரு கட்டுரை எழுதினார். தேவையை எழுதி, டிசைன் செய்து, கோட் எழுதி, கடைசியில டெஸ்ட் செய்யுற அந்தப் படிக்கட்டுப் படம் அதிலதான் இருக்கு. எல்லாரும் படத்தை எடுத்துக்கொண்டு போயிட்டினம். ஆனா அவர் அதே கட்டுரையில, இதை இப்பிடியே ஒரே தரம் மேல இருந்து கீழ செய்தா ஆபத்து, தோல்வியைக் கூப்பிடுற மாதிரி எண்டும் எழுதியிருக்கிறார். காரணமும் சொல்லுறார்: டெஸ்டிங் கடைசியில வருது, அதுவரைக்கும் பேப்பர்ல யோசிச்சது எல்லாம் அங்கதான் முதல்முதலா உண்மையில ஓடிப் பார்க்குது, அங்க பிழைச்சா டிசைனுக்கே திரும்பிப் போகவேணும். ஒரு கியூஏயா இதை வாசிக்கேக்க எனக்கு மனசுக்குள்ள பெரிய ஆறுதல், ஏனெண்டா நாங்க ஒவ்வொரு ரிலீஸுக்கும் முதல் நாள் அனுபவிக்கிறதை அந்த மனுசன் நான் பிறக்க முதலே எழுதி வச்சிருக்கிறார்.

பிறகு 1986ல ஜப்பான்காரர் ரெண்டு பேர், தாக்கெயுச்சியும் நொனாக்காவும், புதுப் பொருள் செய்யுற கம்பனிகளைப் பார்த்து, ஒரு பகுதி வேலையை முடிச்சு அடுத்த பகுதிக்குக் கையில குடுக்கிறதை விட எல்லாரும் சேர்ந்து றக்பி டீம் மாதிரி நகர்றது நல்லது எண்டு எழுதினவை. அதைப் பிடிச்சு ஜெஃப் சதர்லண்ட்டும் கென் ஷ்வேபரும் 1995ல ஸ்க்ரம் எண்டு ஒரு மாநாட்டில கட்டுரை வச்சினம். 2001 பெப்ரவரியில யூட்டா மாநிலத்தில ஸ்னோபேர்ட் எண்ட இடத்தில 17 பேர் கூடி, ஸ்க்ரம் மாதிரி முறைகளுக்குப் பொதுவான கொள்கை அறிக்கையா அஜைல் மனிஃபெஸ்டோ எழுதினவை, இவை ரெண்டு பேரும் அதில இருந்தவை. சரித்திரம் இவ்வளவு போதும். எனக்கு அதில முக்கியமாப் படுறது, இது முழுக்கவும் பிழையை வேளைக்குக் கண்டுபிடிக்கிற ஆசையில வந்தது எண்டதுதான், கெதியா வேலை செய்யுற ஆசையில வந்தது இல்ல. இஞ்ச மனேஜ்மெண்ட்ல அஜைல் எண்டா ஸ்பீட் எண்டு நினைக்கிறவைக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்லுறனான்.

இப்ப எங்கட டீம்களுக்கு வருவம். ரெண்டு கிழமை ஸ்பிரிண்ட். முதல் கிழமை போர்ட்ல, அதாவது எந்த வேலை எந்தக் கட்டத்தில நிக்குது எண்டு கொலம் கொலமாக் காட்டுற பலகையில, எல்லா டிக்கெட்டும் (வேலைத்துண்டும்) 'இன் ப்ரொக்ரஸ்'ல நிக்கும், ஆறு டெவலப்பர் இருந்தா எட்டு ஒன்பது டிக்கெட் ஒரே நேரத்தில திறந்து கிடக்கும். கியூஏ கொலம் வெறும் கொலம். ரெண்டாவது கிழமை வியாழக்கிழமை பின்னேரம் பார்த்தா எல்லாம் ஒண்டா வந்து கியூஏல விழும், வெள்ளி டெமோ, செய்ததை க்ளையண்டுக்குக் காட்டுற நாள். டெஸ்ட் செய்யுறவை இரவிரவா இருக்கவேணும், கண்ட பக்கை (பிழையை) இப்ப சொல்லுறதா ரிலீஸுக்குப் பிறகு சொல்லுறதா எண்டு யோசிக்கவேண்டி வரும், டெவலப்பர் அடுத்த ஸ்பிரிண்ட் ஸ்டோரியில மனசை வச்சிருப்பார், ரொய்ஸ் 1970ல சொன்ன அதே பிரச்சினை ரெண்டு கிழமைக்கு ஒருக்கா வருது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதுக்கு மருந்து டெஸ்ட் செய்ய இன்னும் ஆக்களை எடுக்கிறது இல்ல. ஒரே நேரத்தில திறக்கிற வேலையைக் குறைக்கிறதும் ஸ்டோரியைச் சின்னதா வெட்டுறதும்தான். ஒரு உதாரணம் சொல்லுறன். இங்கிலாந்தில இருக்கிற ஒரு ஒன்லைன் கடைக்கு டிஸ்கவுண்ட் கோட் போடுற வசதி செய்யவேணும் எண்டு வையுங்கோ. அதை ஒரே ஸ்டோரியா எடுத்தா பத்து நாளும் அதிலயே போகும், கடைசி நாள்தான் கியூஏக்கு ஏதாவது தெரியும். வெட்டிப் பாருங்கோ: முதல்ல ஒரு ஒர்டருக்கு ஒரே ஒரு கோட், ஒரு நிலையான தொகை மட்டும் கழியும், முடிவுத் திகதி இல்ல. அது ஒரு ஸ்டோரி. அதை ரெண்டு நாளில முடிச்சு டெஸ்ட் செய்து க்ளையண்டுக்குக் காட்டலாம். பிறகு சதவீதம். பிறகு திகதி. பிறகு ஒரு ஆள் எத்தினை தரம் பாவிக்கலாம் எண்டது.

அந்தத் திகதி ஸ்டோரியில கோட் எழுத முதலே டெவலப்பரும் கியூஏயும் பத்து நிமிஷம் இருந்து கதைச்சா டெஸ்டர் கேட்கிற முதல் கேள்வி என்ன தெரியுமா, "31ஆம் திகதி நள்ளிரவு எண்டா எந்த ஊர் நள்ளிரவு?" கொழும்பு நேரத்தில கோட் எழுதி விட்டா, கோடைகாலத்தில லண்டன்ல இரவு 7.30க்கே டிஸ்கவுண்ட் கோட் வேலை செய்யாமப் போயிடும், சனம் வேலை முடிஞ்சு வந்து சாமான் வாங்குற நேரம். சேர்வர் யூடிசி எண்ட உலகப் பொது நேரத்தில ஓடினா லண்டன்ல இரவு 1 மணிவரைக்கும் டிஸ்கவுண்ட் கோட் வேலை செய்யும். இந்தக் கேள்வி மூண்டாவது நாள் வந்தா ஒரு வரி மாத்தம். ஒன்பதாவது நாள் வந்தா ஸ்பிரிண்ட் போச்சு. ப்ரொடக்ஷன்ல, சனம் உண்மையாப் பாவிக்கேக்க, வந்தா க்ளையண்டிட்ட இருந்து போன் கோல்.

அதால எங்கட போர்ட்ல ஒரு சட்டம் வச்சிருக்கிறம், கியூஏ கொலத்தில மூண்டு டிக்கெட்டுக்கு மேல நிண்டா டெவலப்பர்ஸ் புதுசா ஒண்டும் தொடக்கக்கூடாது, வந்து டெஸ்ட் செய்ய உதவவேணும், இல்லாட்டி நிக்கிற பக்கைத் திருத்தவேணும். முதல்ல பெடியளுக்குப் பிடிக்கேல்ல, "அக்கா நான் டெஸ்ட் செய்யுறதுக்கா வந்தனான்" எண்டு கேட்டவையும் இருக்கினம். ஆனா ஸ்க்ரம் கைட்ல டெவலப்பர்ஸ் எண்டா கோட் எழுதுறவை மட்டும் இல்ல, அந்தப் பொருளை முடிச்சுக் குடுக்கத் தேவையான எல்லாரும்தான், கியூஏ அதுக்குள்ள. 'டெஃபினிஷன் ஒஃப் டன்', முடிஞ்சது எண்டா என்ன எண்டதை எழுதிச் சுவர்ல ஒட்டினம்: கோட் ரிவியூ (இன்னொருத்தர் வாசிச்சுப் பார்க்கிறது) முடிஞ்சிருக்கவேணும், டெஸ்ட் முடிஞ்சிருக்கவேணும், ஸ்டேஜிங்ல (வெளியில விட முதல் ஓட்டிப் பார்க்கிற இடத்தில) ஓடவேணும். இதில ஒண்டு குறைஞ்சாலும் அது முடியேல்ல, டெமோவில காட்டக்கூடாது. 'தொண்ணூறு வீதம் முடிஞ்சுது' எண்ட கதையே இல்ல. இந்த ஒரு ஒற்றைக் கடதாசிக்காக நான் எத்தினை தரமும் சண்டை பிடிப்பன்.

இனி டெய்லி ஸ்க்ரம். 15 நிமிஷம், டெவலப்பர்ஸுக்காக டெவலப்பர்ஸ் நடத்துறது. நேத்து, இண்டைக்கு, தடை எண்ட மூண்டு கேள்வியையும் 2020 பதிப்பில இருந்து எடுத்திட்டினம் எண்டு சொன்னா இன்னும் கனபேர் நம்பமாட்டினம். அந்தக் கேள்விகள் கெட்டது இல்ல. ஆனா அதை வரிசையா ஒவ்வொருத்தரா மனேஜரைப் பார்த்துச் சொல்லேக்க அது அட்டெண்டன்ஸ் மாதிரி ஆகுது, ஒவ்வொருத்தரும் தன்ர முறை முடியும்வரைக்கும் தான் சொல்லப்போறதை யோசிச்சுக்கொண்டு நிக்கினம், மற்றவர் சொன்னது காதில விழாது. கடைசியில எல்லாரும் "நோ ப்ளோக்கர்ஸ்".

இந்த 'நோ ப்ளோக்கர்ஸ்' பற்றி நான் நிறைய யோசிச்சிருக்கிறன். எங்கட டீம்ல சிங்களம், தமிழ், முஸ்லிம் பிள்ளையள் எல்லாரும் இருக்கினம். காலமை நிண்டுகொண்டு நடத்துற அந்தச் சந்திப்பு, ஸ்டாண்ட்அப், இங்கிலீஷ்ல. யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு பக்கம் படிச்சிட்டு வந்த பெடியள், அதே மாதிரி மாத்தறை, குருணாகல்ல இருந்து வாற பிள்ளையள், கோட் அருமையா எழுதுவினம், ஆனா ஒரு சிக்கலை பத்துப் பேருக்கு முன்னால இங்கிலீஷ்ல விளக்குறது எண்டா தயக்கம். ஏபிஐ (மற்ற சொஃப்ட்வெயரோட கதைக்கிற இணைப்பு) ஏன் ரெண்டு நாளா பதில் வராம டைம் அவுட் ஆகுது எண்டு விளக்குறதுக்கு எட்டு வசனம் வேணும். 'நோ ப்ளோக்கர்ஸ்' எண்டா ரெண்டே சொல்லு, ஒருத்தரும் திருப்பிக் கேள்வி கேட்கமாட்டினம். பிறகு மத்தியானம் சாப்பிடேக்க தமிழ்ல முழுக் கதையும் வரும், "அக்கா அது ரெண்டு நாளா இழுக்குது, எனக்கு விளங்கவே இல்ல." சாப்பாட்டு மேசையில வாற அந்தக் கதைதான் உண்மையான டெய்லி ஸ்க்ரம். அதைக் காலமை போர்டுக்கு முன்னால வரவைக்கிறதுதான் ஸ்க்ரம் மாஸ்டரிண்ட வேலை எண்டு நான் நினைக்கிறன்.

நாங்க என்ன செய்தம் எண்டா, ஆக்களைச் சுத்தி வாறதை விட்டிட்டு போர்டைச் சுத்தி வந்தம். வலப்பக்கத்தில இருந்து, முடிவுக்குக் கிட்ட நிக்கிற டிக்கெட்ல தொடங்கி இடப்பக்கமா. "இந்த டிக்கெட் முடியுறதுக்கு என்ன மிச்சம்?" எண்டுதான் கேள்வி, "நீ என்ன செய்தாய்?" எண்டு இல்ல. டிக்கெட்டைப் பற்றிக் கதைக்கேக்க வெட்கம் குறையும், கேள்வி ஆளிண்ட தலையில விழாது. ரெண்டு நாளுக்கு மேல அசையாம ஒரே கொலத்தில நிக்கிற டிக்கெட்டுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. அது ஒருத்தரும் வாய் திறக்காமலே தெரியும். அதோட எந்தப் பாஷையில வேணுமெண்டாலும் சொல்லலாம் எண்டு விட்டம், தமிழ்ல சொன்னா நானோ வேற ஒருத்தரோ ஒரு வசனத்தில மற்றவைக்குச் சொல்லுவம், சிங்களத்தில சொன்னாலும் அப்பிடித்தான். க்ளையண்ட் இருக்கிற கோல் இல்ல இது, எங்கட சொந்தச் சந்திப்பு, அதுக்கு ஏன் இவ்வளவு பயந்து கதைக்கவேணும்.

இதில என்ர மனசைத் திருப்பினது 2022. அந்த வருஷம் மார்ச், ஏப்ரல் எங்களுக்கு எப்பிடிப் போச்சு எண்டு கொழும்புல இருந்தவைக்குச் சொல்லத்தேவையில்ல. மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட் வந்தது. பெற்றோல் இல்ல, டீசல் இல்ல, ஒபிசுக்கு வர பஸ் இல்ல, எல்லாரும் வீட்டில இருந்து வேலை. ஏரியாக்களை எழுத்தால குரூப் பிரிச்சு நேர அட்டவணை போடுவினம். எங்கட டீம்ல ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு குரூப். வெள்ளவத்தையில இருக்கிறவருக்குக் கரண்ட் இருக்கிற நேரம் தெகிவளையில இருக்கிறவருக்கு இல்ல, வத்தளையில இருக்கிற பிள்ளைக்கு வேற நேரம். போன் டவர் பற்றரி முடிஞ்சா டேட்டாவும் போயிடும்.

அப்ப நாங்க ஒரு ஷீட் போட்டு ஆளுக்கு நேரே அவரிண்ட குரூப் எழுத்தையும் அண்டைக்குக் கரண்ட் இருக்கிற நேரத்தையும் எழுதினம். காலமை 15 நிமிஷத்தில முதல் வேலை அதைப் பார்க்கிறது. "எனக்கு இண்டைக்கு 2 மணிக்குப் பிறகு ஒண்டும் ஏலாது, இந்த டிக்கெட்டை ஆர் எடுக்கிறியள்?" எண்டு ஜூனியர் பிள்ளை கூடக் கூச்சமில்லாமக் கேட்கும். ஒரு ஆள் பாதியில விட்டதை மற்ற ஆள் தொடருறதுக்கு ஏத்தமாதிரி வேலையைச் சின்னச் சின்னதா வெட்டினம், ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் முதல், எழுதின புரோகிராமை மற்றவையும் எடுக்கக்கூடிய இடத்துக்கு புஷ் பண்ணிட்டு ரெண்டு வரி எழுதிப்போட்டிட்டுப் போறது எண்டு பழகினம். ஸ்பிரிண்ட்டிண்ட இலக்கு ஒண்டே ஒண்டு, அதுக்கு வெளியில உள்ளதெல்லாம் முடிஞ்சாப் பார்ப்பம். க்ளையண்டுக்கும் உள்ளதை உள்ளபடி சொன்னம், இந்தக் கிழமை இவ்வளவுதான் வரும் எண்டு. நாட்டில அவ்வளவு கஷ்டத்துக்க நாங்க குடுப்பம் எண்டு சொன்னதைக் குடுத்தம்.

பிறகு நான் யோசிச்சுப் பார்த்தன், அது எப்பிடி அந்த மாதங்கள்ல மட்டும் அப்பிடி நடந்தது? கரண்ட் இல்லாதது ஒருத்தரிண்டயும் பிழை இல்ல. "என்னால ஏலாது" எண்டு சொல்லுறதுக்கு வெட்கப்படத் தேவையில்லாமப் போச்சு. அவ்வளவுதான் காரணம். கரண்ட் ஒழுங்கா வரத்தொடங்கி கொஞ்ச நாளில பழையபடி 'நோ ப்ளோக்கர்ஸ்' வந்திட்டுது, ஏனெண்டா இப்ப ஏலாது எண்டு சொன்னா அது தன்ர திறமையைப் பற்றிச் சொல்லுறதா ஆகிடும் எண்ட பயம் திரும்ப வந்திட்டுது. திறமை குறையேல்ல, ப்ரொசஸ் மாறேல்ல, ஏலாது எண்டு சொல்லுறதிண்ட விலை மட்டும்தான் கூடிச்சுது. அண்டையில இருந்து நான் ஸ்க்ரம்ல எதைப் பார்த்தாலும் இதைத்தான் முதல் கேட்கிறன், இது ஏலாது எண்டு சொல்லுறதை லேசாக்குதா கஷ்டமாக்குதா?

அந்தக் கேள்வியோட வெலோசிட்டியைப் பாருங்கோ. ஒரு டீம் தனக்கு அடுத்த ஸ்பிரிண்ட்ல எவ்வளவு எடுக்கலாம் எண்டு கணிக்கிறதுக்கு ஸ்டோரி பொயிண்டைப் பாவிச்சா பரவாயில்ல. மனேஜர் அதை ரிப்போர்ட்ல போட்டு "மற்ற டீம் 60 செய்யுது நீங்க ஏன் 38" எண்டு கேட்ட அண்டைக்கே அந்த இலக்கம் செத்துப்போச்சு. அடுத்த ஸ்பிரிண்ட்ல 3 பொயிண்ட் ஸ்டோரி 5 ஆகும், எல்லாரும் 60 காட்டுவினம், வேலை அதே அளவுதான். ஸ்டோரி பொயிண்டைக் கண்டுபிடிச்சது நானா இருக்கலாம், அப்பிடியெண்டா மன்னியுங்கோ எண்ட கருத்தில எழுதினவர் ரொன் ஜெஃப்ரீஸ், அவர் மனிஃபெஸ்டோவில கையெழுத்து வச்ச 17 பேரில ஒருத்தர். நாங்க இப்ப பொயிண்ட் போடுறதை விட்டிட்டம், ஸ்டோரி மூண்டு நாளுக்குள்ள முடியுமா முடியாதா எண்டு மட்டும் கேட்போம், முடியாட்டி வெட்டுவம்.

பிளானிங்ல இன்னொரு விஷயம் எங்கட ஊருக்கே உரியது. ஒவ்வொரு மாசமும் போயா (முழுநிலா நாள்) லீவு. ஏப்ரல்ல புதுவருஷம், ஆக்கள் ஊருக்குப் போனா ஒரு கிழமை இல்ல. இங்கிலாந்து க்ளையண்டுக்கு இது நினைவில இராது, எங்கட ஆக்களும் சொல்லக் கூச்சப்பட்டு வழமையான அளவையே எடுத்திட்டுப் பிறகு லீவு நாள் வீட்டில இருந்து வேலை செய்யினம். ஸ்பிரிண்ட் தொடங்க முதல் கலண்டரைத் திரையில போட்டு ஒவ்வொருத்தரிண்ட லீவையும் க்ளையண்டுக்கு முன்னாலயே குறிக்கிறது எண்டு வச்சிட்டம். ரெண்டு நிமிஷ வேலை. தைப்பொங்கல், வெசாக், ஹஜ்ஜுப் பெருநாள், நத்தார் எல்லாம் அதில வரும்.

கொழும்புல வெளிநாட்டு க்ளையண்டுக்கு வேலை செய்யுற டீம்களுக்கு எல்லாத்திலும் பெரிய தலையிடி ப்ரொடக்ட் ஓனர்தான். கைட் சொல்லுறது, ப்ரொடக்ட் ஓனர் எண்டா ஒரே ஒரு ஆள், கமிட்டி இல்ல, அவரிண்ட முடிவை முழு நிறுவனமும் மதிக்கவேணும். எங்களுக்கு இருக்கிறது ப்ரொக்ஸி, அவருக்குப் பதிலா நிக்கிற ஆள். இஞ்ச ஒரு பிஏ (பிஸ்னஸ் அனலிஸ்ட், க்ளையண்டிண்ட தேவையை எழுதித் தாறவர்) இருப்பார், பெயர் ப்ரொடக்ட் ஓனர், ஆனா முடிவெடுக்கிற அதிகாரம் லண்டன்ல. டெவலப்பர் ஒரு கேள்வி கேட்டா "கேட்டுச் சொல்லுறன்". அங்க மெயில் போகும், அடுத்த நாள் பதில் வரும், அந்தப் பதிலுக்கு இன்னொரு கேள்வி, இன்னொரு நாள். ரெண்டு கேள்வியில ஸ்பிரிண்ட்ல பாதி போகும். அந்த பிஏயைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்ல, அவர் நடுவில நிண்டு கஷ்டப்படுறார்.

இதுக்கு எங்களுக்குச் சரிவந்தது ஒரு சின்ன ஏற்பாடு. லண்டன்ல காலமை 9 மணி எண்டா எங்களுக்குக் கோடையில பின்னேரம் 1.30, குளிர்காலத்தில 2.30. அங்க முடிவெடுக்கிற ஆள் தன்ர நாளிண்ட முதல் அரை மணித்தியாலத்தைத் தினமும் எங்களுக்கு ஒதுக்கவேணும் எண்டு கேட்டு வாங்கினம். அஜெண்டா இல்ல, ஸ்லைட் இல்ல, கேள்வி இருந்தா கேட்கிறது, இல்லாட்டி ரெண்டு நிமிஷத்தில முடிக்கிறது. கேட்கிறது டெவலப்பர், பிஏக்குள்ளால போறது இல்ல. அதோட எந்த முடிவுகளை பிஏ இஞ்சயே எடுக்கலாம் எண்டு எழுத்தில வாங்கினம்: பட்டன் எங்க இருக்கிறது, எரர் மெசேஜ் என்ன, ஸ்டோரி ஒழுங்கு இப்பிடி. காசு, சட்டம் சம்பந்தப்பட்டது மட்டும் அங்க. இதை எழுதி வாங்காத டீம்கள் முதல்ல இதைச் செய்யுங்கோ, ரெட்ரோவுக்குப் புது கேம் தேடுறதை விட இது நூறு மடங்கு பிரயோசனம்.

ரெட்ரோ எண்டா, அதில கதைக்கிறது மரியாதைப் பிரச்சினை. டெக் லீட் அண்ணா செய்த ஆர்க்கிடெக்சர்தான் எல்லாரையும் பிந்த வைக்குது எண்டு எல்லாருக்கும் தெரியும், ஆனா அவரை அண்ணா எண்டு கூப்பிடுற பெடியன் அவருக்கு முன்னால அதைச் சொல்லமாட்டான். அது வளர்ப்பு, அதை மாத்தச் சொல்லி நான் கேட்கமாட்டன். முறையை மாத்தலாம். முதல் பத்து நிமிஷம் ஒருத்தரும் கதைக்கிறது இல்ல, எல்லாரும் எழுதுறது, பேர் போடாம. பிறகு ஆகக் கடைசியா வேலைக்குச் சேர்ந்தவர் முதல் கதைப்பார், லீட் கடைசியா. லீட் முதல் வாயைத் திறந்தா மற்ற எல்லாரும் அவர் சொன்னதையே வேற சொல்லில சொல்லுவினம், கவனிச்சுப் பாருங்கோ. எங்கட லீட் நல்ல மனுசன், ஒருக்கா ஒரு துண்டில தன்ர டிசைனைப் பற்றி வந்ததை வாசிச்சிட்டு "ஓம், இது சரி, அடுத்த ஸ்பிரிண்ட்ல பிரிப்பம்" எண்டார். அதுக்குப் பிறகு வந்த ரெட்ரோக்கள்ல துண்டுகள்ல பேர் போட்டே எழுதத் தொடங்கிட்டினம்.

ரெட்ரோவில இருந்து ஒரே ஒரு மாத்தத்தை எடுத்து அடுத்த ஸ்பிரிண்ட் பேக்லொக்கில டிக்கெட்டாப் போடுங்கோ. 2017 கைட்ல ஒண்டாவது போடத்தான் வேணும் எண்டு இருந்தது, 2020ல அதைத் தளர்த்திப் போடலாம் எண்டு ஆக்கிட்டினம். எனக்குப் பழையதுதான் சரி. டிக்கெட் இல்லாத வாக்குறுதிக்கு ஒருத்தரும் நேரம் ஒதுக்கமாட்டினம்.

சப்போர்ட் டீம்களுக்கு ஒண்டு சொல்லவேணும். ப்ரொடக்ஷன் பிரச்சினை எப்ப வரும் எண்டு தெரியாத டீமை ரெண்டு கிழமைக்குத் திட்டம் போடச் சொல்லி வற்புறுத்தாதையுங்கோ. ஸ்பிரிண்ட் இல்லாம வேலை வர வர எடுத்துச் செய்யுற கான்பான் முறையை எடுங்கோ. போர்ட், ஒரு நேரத்தில எத்தினை வேலை எண்ட எல்லை, ஒரு டிக்கெட் வந்ததில இருந்து முடியுறதுக்கு எத்தினை நாள் எண்ட கணக்கு, இது போதும்.

மிச்சம் இருக்கிற பெரிய சிக்கல் டீமுக்கு வெளியில. கொழும்புல கன ப்ரொஜெக்ட் ஃபிக்ஸ்ட் ப்ரைஸ், விலை, திகதி, வேலை மூண்டையும் சேல்ஸ் ஆக்கள் க்ளையண்டோட ஒப்பந்தத்தில பூட்டிட்டுத்தான் டீமுக்குத் தருவினம். அப்ப மூண்டாவது ஸ்பிரிண்ட்ல டீம் உண்மையைச் சொன்னா, இது திகதிக்கு முடியாது எண்டு, அதைக் கேட்க மேல ஒருத்தருக்கும் விருப்பம் இல்ல, ஏனெண்டா அந்த உண்மைக்கு ஒப்பந்தத்தில இடம் இல்ல. டீமுக்குள்ள எவ்வளவு நல்லா ஸ்க்ரம் செய்தாலும் இந்த இடத்தில வந்து முட்டும். விலையும் திகதியும் நிலையா இருக்கட்டும், வேலையிண்ட பட்டியலை முக்கியத்துவப்படி அடுக்கி, கீழ உள்ளதை மாத்தலாம் விடலாம் எண்டு ஒரு வரி ஒப்பந்தத்தில இருந்தாப் போதும், மேல உள்ளது முதல்ல முடியும், க்ளையண்டுக்கும் ஒவ்வொரு ரிவியூவிலயும் பாவிக்கக்கூடிய ஒண்டு கையில கிடைக்கும். அந்த வரியைப் போடுறது சேல்ஸும் அக்கவுண்ட் மனேஜரும். அவை எங்கட ஸ்பிரிண்ட் ரிவியூவுக்கு வாறதே இல்ல, அது டெவலப்பர்ஸிண்ட டெமோ எண்டு நினைச்சுக்கொண்டிருக்கினம். இந்த மாசத்தில இருந்து அவையையும் கூப்பிடுறம், பின்னேரம் 3 மணிக்கு, க்ளையண்ட் இருக்கேக்கயே, முடிஞ்சதையும் முடியாததையும் ஒரே திரையில காட்டுறதுக்கு.